பனியும் மருந்தாகும்

சிறுநீரகத்திற் தோன்றும் சிறு கட்டிகளை உறையவைத்து அழிக்கும் முறை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எமக்குப் பனிக்கட்டி புதுமையான பொருளன்று. விடியற் பொழுதிலே கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்வோர், ஆழ்கடலினின்றும் மீண்ட படகுகளின் அடித்தட்டிலே, நொறுக்கிய ஐஸ்கட்டிகளின் நடுவே பாரையும் சூரையும் அடுக்கிக் கிடப்பதைக் காணலாம். குளிர் என்பது கெடாமற் காக்கும் பொருள் என்பதைக் கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறிருக்க, அதே குளிரானது மனித உடம்பினுள்ளே வளரும் புற்றுக்கட்டி ஒன்றைக் கொன்றொழிக்கும் ஆயுதமாகவும் பயன்படுகின்றது என்று சொன்னால், நம்புதற்கு அரிதாகவே தோன்றும். காக்கும் பொருளே கொல்லும் பொருளாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீரகத்தில் உண்டாகும் சிறிய கட்டிகளை, வயிற்றைக் கீறித் திறவாமல், தோலினூடாக மெல்லிய ஊசிகளைச் செலுத்தி, அவ்விடத்திலேயே உறையவைத்து அழிக்கும் சிகிச்சை கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் பல நாடுகளிலே கையாளப்பட்டு வருகின்றது. இதனை உறைபனிச் சிகிச்சை என நாம் அழைக்கலாம். இது யாவருக்கும் உரிய சிகிச்சையன்று. எனினும் ஒரு சிலருக்கு இது பெரும் பேறாக அமைகின்றது. அந்த ஒரு சிலர் யாவர் என்பதை அறிந்திருத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நன்மை பயப்பதாகும்.

எதிர்பாராமற் தெரியவரும் கட்டி

முற்காலத்திலே சிறுநீரகப் புற்றுநோய் தன் வரவை மூன்று அடையாளங்களால் அறிவித்தது. சிறுநீருடன் குருதி கலந்து போதல், விலாப்புறத்தில் வலி, கைக்குத் தட்டுப்படும் வீக்கம் என்பனவே அவை. இம்மூன்றும் ஒருங்கே தோன்றும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இன்றோ நிலைமை வேறு. வயிற்று வலியென்றோ, பித்தப்பையிற் கல்லிருக்கலாமென்றோ ஐயுற்று ஒருவர் ஸ்கான் பரிசோதனைக்குச் செல்கிறார். பித்தப்பையிற் கல் இல்லை. ஆனால் சிறுநீரகத்தில் எவ்வித நோவும் தராத சிறு கட்டி ஒன்று இருப்பதாக அறிக்கை கூறுகின்றது. அன்றிரவு அக்குடும்பத்தில் எவரும் உறங்குவதில்லை.

இங்கே முதலில் அறியவேண்டியது, கட்டிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதாகும். வயது முதிர்ந்தோரின் சிறுநீரகத்தில் நீர் நிறைந்த மெல்லிய பைகள் தோன்றுவது மிகச் சாதாரணம். இவற்றை நீர்க்கட்டிகள் என்பர். எளிய நீர்க்கட்டிகளால் பெரும்பாலும் யாதொரு தீங்கும் இல்லை. கவலைக்குரியவை திண்மக் கட்டிகள். அவற்றுள்ளும் 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவற்றையே வைத்தியர்கள் சிறு கட்டிகள் என வகுத்துள்ளனர். கொட்டைப்பாக்கின் அளவு தொடக்கம் எலுமிச்சம்பழத்தின் அளவு வரை என நாம் கொள்ளலாம். இத்தகைய சிறு கட்டிகளை அகற்றிச் சோதித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்திலொன்று புற்றுநோயே அன்று என்பது தெரியவந்துள்ளது. எஞ்சியவை புற்றுநோயேயாயினும், அவற்றுட் பல ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் அளவே வளர்வன.

பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதையென்று மிதிக்கவும் முடியாது என்று எம்மவர் கூறும் பழமொழி இந்நிலைமைக்கு மிகவும் பொருந்தும். அச்சத்தினால் அவசரப்பட்டுச் சிறுநீரகம் முழுவதையும் இழப்பதும் தவறு. வலி இல்லையே என்று அறிக்கையை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும் தவறு. கட்டியிலிருந்து மெல்லிய ஊசியினாற் சிறு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தால், பாம்பா பழுதையா என்பதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

சிறுநீரகத்தின் அருமை

முதுகுப்புறத்திலே, விலாவெலும்புகளின் மறைவில், முள்ளந்தண்டின் இருமருங்கிலும் அமைந்துள்ள சிறுநீரகம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளமும் 150 கிராம் நிறையும் கொண்டது. உருவிற் சிறிதெனினும், இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்திலொரு பங்கு இவ்விரண்டையும் நோக்கியே பாய்கின்றது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. பாடநூல்கள் இவற்றைச் சிறுநீரகத்தி என வழங்கும். நாளொன்றுக்கு 180 லீற்றர் நீர்மத்தை இவை வடித்தெடுத்து, அதில் மிகப் பெரும் பகுதியை உடம்புக்கே திருப்பியளித்து, ஒன்றரை லீற்றர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இத்துணை அரிய வடிகள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நகமும் தலைமயிரும் போன்றதன்று சிறுநீரகம்.

எமது பகுதி மக்களுக்கு இவ்வுண்மை வேறெவரினும் கூடுதலாக உறைக்கவேண்டும். 1990ஆம் ஆண்டுகளிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே, காரணம் முற்றாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்று பரவி வந்துள்ளமை யாவரும் அறிந்ததே. திருகோணமலை மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள பதவிசிறிபுரப் பகுதியையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. அது புற்றுநோயன்று, கட்டியும் அன்று. சிறுநீரகத்தின் வடிகளைச் சிறிது சிறிதாகத் தின்னும் வேறொரு பிணி. ஆயினும், அத்தகைய பிணியாலோ, நீரிழிவாலோ, உயர் குருதி அழுத்தத்தாலோ ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகங்களை உடைய ஒருவருக்குக் கட்டியும் தோன்றிவிட்டால், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு வடியும் பொன்னினும் அரியதாகிவிடுகின்றது. குருதியை இயந்திரத்தினாற் சுத்திகரிப்பதற்காக வாரத்தில் இரண்டு மூன்று நாட்களை வைத்தியசாலையிற் கழிக்கும் வாழ்வு எத்தகையது என்பதைக் கண்டோர் அறிவர். கட்டியை ஒழிக்கவேண்டும், சிறுநீரகத்தையும் காக்கவேண்டும். இவ்விரண்டு கடமைகளுக்கும் இடையேதான் உறைபனிச் சிகிச்சை தன் இடத்தைப் பெறுகின்றது.

முழுவதையும் களைந்த காலம்

மனிதன் ஒரு சிறுநீரகத்துடன் உயிர் வாழ முடியுமா என்பதே ஒரு காலத்திற் கேள்வியாக இருந்தது. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் குஸ்தாவ் சைமன், முதலில் நாய்களிற் பரிசோதனை செய்து பார்த்து, 1869ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் சிறுநீரகம் ஒன்றை முன்கூட்டியே திட்டமிட்டு அகற்றினார். அப்பெண்மணி பிழைத்தார். அதே நகரத்தில் வின்சென்ஸ் செர்னி என்பவர் 1887ஆம் ஆண்டிலேயே, கட்டியிருந்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, எஞ்சிய சிறுநீரகத்தைக் காப்பாற்றினார். ஆயினும் குருதிப்பெருக்குக்கு அஞ்சி அம்முறை நெடுங்காலம் பின்தள்ளப்பட்டது. 1960ஆம் ஆண்டுகளில் கனடாவின் ரொறன்ரோ நகரத்து வைத்தியர் சார்ள்ஸ் ரொப்சன், சிறுநீரகத்தை அதனைச் சூழ்ந்த கொழுப்புடனும் அயற் சுரப்பியுடனும் சேர்த்து முழுவதாக அகற்றும் முறையை வலியுறுத்தினார். கட்டிகள் பெருத்த பின்னரே அறியப்பட்ட அக்காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பின்னர் ஸ்கான் கருவிகள் வந்தன. சிறு கட்டிகள் தென்படலாயின. அப்பொழுதும் பழக்கத்தின் வலிமையாற் பலர் முழுச் சிறுநீரகத்தையும் இழந்து வந்தனர். 2006ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தின் புகழ்பெற்ற புற்றுநோய் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்கொன்று வைத்திய உலகைச் சிந்திக்க வைத்தது. சிறு கட்டிகளுக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 662 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் இழந்தோரில் நூற்றுக்கு 80 பேர் மூன்றாண்டுகளின் பின்னரும் சிறுநீரகத் தளர்ச்சிக்கு ஆளாகாமல் இருந்தனர். முழுவதையும் இழந்தோரிலோ, அவ்வாறு தப்பியோர் நூற்றுக்கு 35 பேர் மாத்திரமே.

சிறுநீரகத்தைத் தானம் செய்தோர் நலமாக வாழ்கின்றனரே என்று சிலர் வினவலாம். தக்க வினாவே. ஆனால் தானம் செய்பவர் உடல்நலம் முற்றாகச் சோதிக்கப்பட்டவர். கட்டியுடையவரோ பெரும்பாலும் வயது அறுபதைக் கடந்தவர், நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ உள்ளவர், புகைபிடித்தவராகவும் இருக்கக்கூடும். அவருடைய மற்றைய சிறுநீரகம் இரட்டைச் சுமையைத் தாங்கும் என்பதற்கு உறுதி யாது?

குளிரை ஆயுதமாக்கியோர்

இனி, குளிரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தின் பிறைற்றன் நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஆர்னொட் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நொறுக்கிய பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து, பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை செல்சியஸை அண்டிய குளிரை உண்டாக்கி, வெளியே தெரியும் புற்றுக்கட்டிகளின்மீது வைத்துப் பார்த்தார். கட்டிகள் சுருங்கின, வலி தணிந்தது. 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த மாபெரும் கண்காட்சியிலே தமது கருவியையும் அவர் காட்சிக்கு வைத்தார். உப்புச் சேர்ந்தால் பனியின் குளிர் மிகும் என்னும் இவ்வுண்மையே, கையாற் சுழற்றும் மரப்பீப்பாவில் ஐஸ்கிறீம் செய்தோர் கையாண்ட தந்திரமுமாகும்.

1877ஆம் ஆண்டில் பிரான்சின் கையேத்தே, சுவிற்சர்லாந்தின் பிக்தே ஆகிய இருவரும் தனித்தனியே ஒட்சிசனைத் திரவமாக்கிக் காட்டினர். 1892ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டிவார் வெற்றிடச் சுவர்கொண்ட குடுவையை ஆக்கினார். இன்று எம் வீடுகளில் தேநீரைச் சூடு ஆறாமற் காக்கும் பிளாஸ்க்கு அதன் வழித்தோன்றலேயாகும். குளிரான திரவங்களைச் சேமித்துவைக்க வழி பிறந்ததும், தோல் வைத்தியர்கள் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

உடம்பின் ஆழத்துக்குக் குளிரைக் கொண்டு செல்லும் வழியை நியூயோர்க் நகரத்து மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் இர்விங் கூப்பர் 1961ஆம் ஆண்டளவில் வகுத்தார். பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைதரசன் ஓடும் உலோகக் குழாயொன்றின் நுனி மட்டும் குளிருமாறு செய்து, நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் ஒரு சிறு புள்ளியை அவர் உறையவைத்தார். எனினும் உள்ளே பனி எவ்வளவு தூரம் பரவியது என்பதைக் காணக் கண் இல்லாமலிருந்தது. 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வைத்தியர் கரி ஓனிக் முதலியோர் ஒலியலை ஸ்கானில் பனிக்கோளத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிவதைப் பயன்படுத்தியபோது அக்குறை நீங்கியது. 1995ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் குழுவொன்று தோலினூடாக ஊசி செலுத்திச் சிறுநீரகக் கட்டியை உறையவைத்த செய்தியை வெளியிட்டது. 1998ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பணியாற்றிய இந்திய வம்சாவளியினரான இந்தர்பீர் கில், வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவியால் நோக்கியவாறே செய்யும் முறையின் பெறுபேறுகளை வெளியிட்டார்.

கொல்வது எப்படி?

நிற்க, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மீனைக் காக்கும் குளிர் கட்டியைக் கொல்வது எங்ஙனம்? விடை வீட்டுச் சமையலறையிலேயே இருக்கின்றது. நொறுக்கிய ஐஸில் வைத்த மீன் பூச்சியப் பாகையை அண்டி நிற்கின்றதேயன்றி உறைவதில்லை. அதனால் அதன் தசை கட்டாக இருக்கின்றது. ஆனால் தக்காளிப்பழம் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்து, மறுநாள் வெளியே எடுத்து இளகவிட்டுப் பாருங்கள். கல்லாயிருந்த பழம் சிறிது நேரத்தில் நீர் வடித்துத் துவண்டு போகும். உறைந்து இளகியபோது அதன் கலங்களின் சுவர்கள் சிதைந்துவிட்டன. புற்றுக்கட்டிக்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவே.

மாணவர் பொருட்டு இதனைச் சற்று விரித்துரைப்போம். இழையம் மெதுவாகக் குளிரும்போது, முதலிற் கலங்களுக்கு வெளியேயுள்ள நீரே உறைகின்றது. எஞ்சிய நீர்மத்தில் உப்பின் செறிவு மிகுவதால், கலத்தினுள்ளே இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட, கலம் வற்றிச் சுருங்குகின்றது. குளிர் விரைவாக ஏறும்போதோ, கலத்தினுள்ளேயே பனிப்பளிங்குகள் தோன்றி மென்சவ்வுகளைக் கிழிக்கின்றன. பின்னர் இளகும்போது வெளியிலுள்ள நீர் வற்றிய கலத்தினுள் திடீரெனப் புகுந்து அதனை வெடிக்கச் செய்கின்றது. அன்றியும், கட்டிக்கு உணவளிக்கும் நுண்ணிய குருதிக் குழாய்களின் உட்சுவர் சேதமுற்று, அங்கே குருதி உறைந்து வழி அடைபடுகின்றது. ஆகவே முதல் தாக்குதலில் தப்பிய கலங்களும் அடுத்த சில நாட்களில் பட்டினியால் மடிகின்றன. இறந்த இழையத்தை உடம்பே மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைத்து, ஒரு சிறு தழும்பை மட்டும் விட்டுவைக்கின்றது.

உறைதலைப் போலவே இளகுதலும் கொல்லும் ஆதலால், ஒருமுறை உறையவைத்து, இளகவிட்டு, மறுமுறையும் உறையவைப்பதே வழக்கம். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிற் பல கலங்கள் மடியுமாயினும், புற்றுக்கலங்கள் எதுவும் தப்பாதிருக்க 40 பாகை வரை குளிரவைப்பதை வைத்தியர்கள் குறியாகக் கொள்கின்றனர்.

ஊசி முனையில் ஒரு பனிக்கோளம்

அத்துணைக் குளிரை ஒன்றரை மில்லிமீற்றர் பருமனேயுள்ள ஊசியின் நுனியிற் தோற்றுவிப்பது ஓர் அற்புதமே. இங்கே துணைபுரிவது, ஜூல், தொம்சன் என்னும் அறிஞர் இருவர் 1852ஆம் ஆண்டு தொடக்கம் ஆராய்ந்து நிறுவிய பௌதிகவியல் உண்மையாகும். உயர்ந்த அமுக்கத்தில் அடைக்கப்பட்ட வாயு மிகச் சிறிய துவாரத்தினூடாக வெளிப்பட்டு விரியும்போது அதன் வெப்பநிலை மாறுகின்றது. ஆகன் வாயு இவ்வாறு விரியும்போது பூச்சியத்துக்குக் கீழ் நூறு பாகைக்கும் அப்பாற் குளிர்கின்றது. வியப்பு யாதெனில், ஈலியம் வாயு சாதாரண வெப்பநிலையில் அதே துவாரத்தால் விரியும்போது குளிராமல் வெம்மையடைகின்றது. ஆகவே ஒரே ஊசியினால், ஆகனைச் செலுத்தி உறையவைக்கவும், ஈலியத்தைச் செலுத்தி இளகவைக்கவும் முடிகின்றது. இவ்வாயுக்கள் ஊசியினுள்ளேயே சென்று திரும்புவனவேயன்றி உடம்பினுட் புகுவதில்லை.

நோயாளியைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, மயக்க மருந்தோ, விறைப்பூசியுடன் அமைதி தரும் மருந்தோ கொடுக்கின்றனர். சீ.ரி. ஸ்கான் படத்தைப் பார்த்தவாறே, கட்டியின் அளவுக்கேற்ப இரண்டு மூன்று ஊசிகளை முதுகுப்புறத்தால் அதனுட் செலுத்துகின்றனர். அருகிலே குடல் நெருங்கியிருந்தால், இடையில் நீர்மத்தைப் பாய்ச்சி அதனைச் சற்று விலக்கிவிடுகின்றனர். பின்னர் ஏறத்தாழப் பத்து நிமிடம் உறையவைப்பு. சில நிமிடம் இளகல். மீண்டும் பத்து நிமிடம் உறையவைப்பு. திரையிலே, சாம்பல் நிறமான சிறுநீரகத்தின் நடுவே கருமையான பனிக்கோளம் வளர்ந்து கட்டியை விழுங்குவதை வைத்தியர் கண்ணாரக் காண்கின்றார்.

கோளத்தின் வெளிவிளிம்பு பூச்சியப் பாகையிலேயே இருக்கும். அங்கே கலங்கள் மடியா. கொல்லும் குளிர் விளிம்பினின்றும் சில மில்லிமீற்றர் உள்ளேதான் தொடங்குகின்றது. ஆதலால் பனிக்கோளம் கட்டியின் எல்லையைக் கடந்து, ஐந்து முதல் பத்து மில்லிமீற்றர் வரை நாற்புறமும் படரவேண்டும். இவ்வெல்லையை அளந்தறிவதிலேயே வைத்தியரின் திறமை விளங்குகின்றது. சிகிச்சை முடிந்தபின் ஊசித் தழும்புகளைத் தவிர வேறு காயம் இல்லை. பலர் மறுநாளே வீடு திரும்புகின்றனர்.

யாருக்கு உகந்தது?

மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாய், சிறுநீரகத்தின் வெளிப்புறத்தை ஒட்டியதாய் உள்ள கட்டிக்கே இம்முறை மிகவும் பொருந்தும். அமெரிக்கச் சிறுநீரியல் வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டலும் அவ்வளவையே குறிப்பிடுகின்றது. சிறுநீரகத்தின் நடுவே, பெரிய குருதிக் குழாய்களை அண்டியிருக்கும் கட்டிகளில், ஓடும் குருதியின் வெம்மை குளிரைத் தணித்துவிடும். சிறுநீர்க் குழாய் சேதமுறவும் கூடும். வயது முதிர்ந்தோர், இதய நோயாலோ சுவாச நோயாலோ பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்க இயலாதோர், ஒரே சிறுநீரகம் உடையோர், ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தோர், பரம்பரைக் குறையினால் மீண்டும் மீண்டும் கட்டிகள் தோன்றுவோர் ஆகியோருக்கே இதன் பயன் மிகுதி.

குறைகளையும் மறையாது கூறுவதே முறை. உடல் வலிமையும் நெடிய ஆயுள் எதிர்பார்ப்பும் உடையோருக்கு, கட்டியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டி நீக்கும் சத்திரசிகிச்சையே இன்றும் முதலிடம் பெறுகின்றது. உறையவைத்த இடத்திலேயே கட்டி மீண்டும் தலைகாட்டும் வாய்ப்பு, வெட்டி நீக்கியோரிலும் பார்க்க இச்சிகிச்சை பெற்றோரிடம் சற்றுக் கூடுதலாக உள்ளது. அவ்வாறு தலைகாட்டினால் மறுமுறையும் உறையவைக்கலாம் என்பது ஓர் ஆறுதல். குருதி கசிதல், சிறுநீருடன் குருதி போதல், அயல் நரம்பு தாக்கப்பட்டு விலாப்புறம் மரத்தல் முதலிய இடர்களும் சிலருக்கு நேர்வதுண்டு. குளிருக்கு மறுதலையாக, வெப்பத்தினாற் கட்டியைச் சுட்டழிக்கும் முறைகளும் உள்ளன. ரேடியோ அலையினாலும் நுண்ணலையினாலும் அவ்வெப்பம் உண்டாக்கப்படுகின்றது. எமது கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் இளஞ்சூடு போன்றதன்று அது. இழையத்தை வேகவைக்கும் சூடாகும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால், எதுவும் செய்யாது காலந்தோறும் ஸ்கான் எடுத்துக் கண்காணித்து வருதலும் ஒரு முறையான வழியேயாகும். மிக முதிர்ந்த வயதினர் ஒருவரின் இரண்டு சென்ரிமீற்றர் கட்டி, அவர் ஆயுட்காலத்தில் அவருக்கு எத்தீங்கும் செய்யாமலே போகக்கூடும். கண்காணித்தல் வேறு, கைவிடுதல் வேறு என்பதை உறவினர் உணர்தல் வேண்டும்.

குடும்பத்தார் கேட்கவேண்டியவை

எம் நாட்டிலே வைத்தியரிடம் வினா எழுப்புவதை மரியாதைக் குறைவாக எண்ணும் வழக்கம் இன்னும் மறைந்தபாடில்லை. தகப்பனார் உள்ளே சென்று தலையசைத்துவிட்டு வருவார்; மக்கள் வெளியே நின்று ஒருவரையொருவர் பார்ப்பர். இது மாறவேண்டும். பணிவுடன் கேட்கும் கேள்விக்கு நல்ல வைத்தியர் எவரும் சினங்கொள்ளார்.

முதலாவது, இது நீர்க்கட்டியா, திண்மக் கட்டியா, அதன் அளவு யாது என்று கேளுங்கள். இரண்டாவது, துணுக்கெடுத்துச் சோதிக்கவேண்டுமா என்று கேளுங்கள். மூன்றாவது, குருதியிலுள்ள கிரியற்றினின் அளவைக் கொண்டு சிறுநீரகங்களின் இப்போதைய வலிமையை அறிந்துகொள்ளுங்கள். நான்காவது, சிறுநீரகம் முழுவதையும் எடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டால், ஒரு பகுதியை மட்டும் எடுத்தலோ, உறையவைத்தலோ, சுட்டழித்தலோ, கண்காணித்தலோ ஏன் பொருந்தாது என்பதற்கு விளக்கம் பெறுங்கள். ஐந்தாவது, உறைபனிச் சிகிச்சை செய்வதாயின், செய்பவர் இத்துறையில் எத்தனை பேருக்குச் செய்தவர் என்றும், பின்னர் கட்டியின் நிலையை எவ்வாறு கண்காணிப்பார் என்றும் வினவுங்கள். சிகிச்சையின் பின் சில மாதங்களிலும், அதன்பின் ஆண்டுதோறும், ஸ்கான் பரிசோதனை இன்றியமையாதது. கட்டி உடம்பிலேயே விடப்படுவதால், அது செத்துவிட்டதா என்பதை அறிய வேறு வழியில்லை.

ஸ்கான் படங்களையும் அறிக்கைகளையும் ஒரே உறையிலிட்டு வைத்திருத்தல் நன்று. மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து கொழும்புக்கோ, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படும்போது, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்புநோக்கினாலன்றிக் கட்டி வளர்ந்ததா என்பதை நிபுணர் கூற இயலாது. இன்னொரு நிபுணரின் கருத்தை நாடுவதும் முதலாமவரை அவமதிப்பதாகாது. சிறு கட்டிகள் பெரும்பாலும் மெதுவாகவே வளர்வன ஆதலால், ஆராய்ந்து முடிவு செய்யச் சில வார அவகாசம் பெரும்பாலானோருக்கு உண்டு. ஆனால் அந்த அவகாசத்தை ஆண்டுக் கணக்காக நீட்டக்கூடாது. இடையிலே மூலிகைச் சாறு குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்று கூறுவாரும் வருவர். சிறுநீரகத்துக்கே நஞ்சாகும் மூலிகைகளும் உள என்பதை மறத்தலாகாது.

வருமுன் காத்தல் எப்பொழுதும் மேலானது. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் குருதி அழுத்தம் ஆகிய மூன்றும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு இடம் கொடுப்பன என்பது உறுதியாக அறியப்பட்டுள்ளது. மூன்றும் பெரும்பாலும் எம் ஆளுகைக்கு உட்பட்டவை. சிறுநீரிற் செந்நிறம் ஒருமுறை தோன்றி மறைந்தாலும், வெயிலின் சூடு என்று கூறி இளநீர் அருந்திவிட்டு வாளாவிருத்தல் கூடாது; வைத்தியரைக் காணல் வேண்டும்.

சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டறிந்து தக்க சிகிச்சை பெற்றோரில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளின் பின்னரும் அந்நோயால் மடியாது வாழ்கின்றனர். இன்றோ, ஒரு குடும்பத்தின் மூத்தவர் சில நாட்களில் தம் வீட்டு முற்றத்துக்குத் திரும்பி, இரண்டு சிறுநீரகங்களுடனும் பேரப்பிள்ளைகளுடனும் பல்லாண்டு வாழ்தல் இயல்வதாகியுள்ளது. அதற்கு வேண்டுவன இரண்டே. ஸ்கான் அறிக்கையைக் கண்டு மனம் உடையாதிருக்கும் துணிவு ஒன்று. தக்காரிடம் தக்க வினாக்களைக் கேட்கும் அறிவு மற்றொன்று. முன்னையதைப் பெற்றோரும் பின்னையதைக் கற்ற பிள்ளைகளும் வீட்டுக்குக் கொண்டுவருவார்களாக.